சிலிண்டர் தலை கேஸ்கெட்

சிலிண்டர் தலை கேஸ்கெட் அல்லது ஹெட் கேஸ்கெட் என்பது உள் எரி பொறியின் சிலிண்டர் கட்டைக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் தட்டையான அடைப்புப் பாகம் ஆகும். சிலிண்டருக்குள் எரியும் வளிமம், பொறியைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர், உராய்வைக் குறைக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமலும் வெளியே கசியாமலும் இது தடுக்கிறது. நீரால் குளிர்விக்கப்படாத இருசக்கர வண்டிப் பொறிகளில் வளிமத்தையும், சில வடிவமைப்புகளில் எண்ணெயையும் அடைப்பதே இதன் பணி.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து துளையைப் பெருக்கும்போது கேஸ்கெட்டின் தேர்வு தனிக் கவனம் பெறுகிறது. பழைய துளைக்கென வெட்டப்பட்ட கேஸ்கெட் புதிய துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கலாம். பெருகிய துளையால் அமுக்க விகிதமும் உயர்கிறது. எனவே கேஸ்கெட்டின் துளை விட்டம், இறுக்கிய பின் அதன் தடிமன் ஆகிய இரண்டையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இக்கட்டுரை இத்தேர்வை விளக்குவதோடு, தமிழ்நாட்டின் வேலூர்–ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் நீர்த்தன்மை இதனுடன் கொண்டுள்ள தொடர்பையும் கூறுகிறது.

கேஸ்கெட்டின் பணி

எரிதலின்போது சிலிண்டருக்குள் வளிமத்தின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசைக் கடக்கிறது. சில மில்லிமீட்டர் தொலைவிலுள்ள நீர்வழியில் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 பாகையில் ஓடுகிறது. இவ்விரண்டையும் பிரித்து நிற்பது கேஸ்கெட்டின் குறுகிய விளிம்பு மட்டுமே.

அழுத்தமும் அதற்கேற்ப மிகுதி. 70 மி.மீ. துளையுள்ள பெட்ரோல் பொறியில் உச்ச அழுத்தம் 50 பார் எனக் கொண்டால், சிலிண்டர் தலையை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 19 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமம். 87.5 மி.மீ. துளையுள்ள டீசல் பொறியில் 80 பார் அழுத்தத்தில் இது 48 கிலோநியூட்டனாகிறது. நிமிடத்திற்குப் பல நூறு முறை வந்துபோகும் இவ்விசைக்கு எதிராகத் தலையை இறுக்கிப் பிடிப்பவை போல்ட்டுகள். அந்த இறுக்கத்தை மேற்பரப்பெங்கும் சீராகப் பரப்பி அடைப்பை உருவாக்குவது கேஸ்கெட்.

வகைகள்

* செம்புத் தகடு: ஒற்றைச் சிலிண்டர் பொறிகளிலும் பந்தயப் பொறிகளிலும் பயன்படுகிறது. இறுகும்போது செம்பு கடினமாவதால், மீண்டும் பயன்படுத்துமுன் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி மென்மையாக்க வேண்டும். இரும்பைப் போலன்றி, சூடாக்கிய செம்பைத் தண்ணீரில் தோய்த்தாலும் காற்றில் ஆறவிட்டாலும் அது மென்மையாகவே இருக்கும்.
* கல்நார் கலவை: செம்பு அல்லது எஃகுத் தகடுகளுக்கிடையே கல்நாரை வைத்துச் செய்யப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவையே பரவலாக இருந்தன. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கல்நாருக்கு முழுத் தடை உள்ளது.
* கிராஃபைட் கலவை: கல்நாருக்கு மாற்றாக வந்தது. மேற்பரப்பின் சிறு குறைகளை ஓரளவு நிரப்பிக்கொள்ளும்.
* பல அடுக்கு எஃகு: ரப்பர் பூச்சுள்ள மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்யப்படுவது. 1990கள் முதல் கார்ப் பொறிகளில் பரவியது. அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் மிக வழவழப்பான, சமதளமான மேற்பரப்பை வேண்டும்.

கலவை வகைகளில் சிலிண்டர் துளையைச் சுற்றி உலோக விளிம்பு ஒன்று மடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். இது தீ வளையம் எனப்படுகிறது. தீச்சுவாலையை நேரடியாகத் தாங்குவது இவ்வளையமே என்பதால், கேஸ்கெட் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இதன் உள்விட்டம்.

தோல் ஏன் பயன்படுவதில்லை

தோலும் ஓர் அடைப்புப் பொருளே. நீரேற்றிகளிலும் நீரியல் அழுத்திகளிலும் தோல் வாசர்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. இந்தியாவெங்கும் நிறுவப்பட்ட இந்தியா மார்க் 2 கைப்பம்புகளின் கிண்ண வாசர்களும் முதலில் தோலால் ஆனவையே. பின்னர் அவை நைட்ரைல் ரப்பருக்கு மாறின. ஆனால் ஈரத்தோல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரெனச் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலுக்கு இது ஏறத்தாழ 70 முதல் 85 பாகை செல்சியசு. குரோமியத்தால் பதனிட்ட தோலுக்கு 100 பாகைக்குச் சற்று மேல். ஆகவே குளிர்ந்த நீரைத் தள்ளும் பம்பில் சிறந்து விளங்கும் தோல், பொறியின் தலையில் பயன்படாது.

துளை பெருக்குதல்

பிஸ்டன் வளையங்களின் உராய்வால் சிலிண்டர் சுவர் காலப்போக்கில் தேய்கிறது. தேய்மானம் எங்கும் ஒரே அளவாக இராது. வளையங்கள் திரும்பும் மேற்பகுதியில் அது மிகுதி. இதனால் துளை மேலே அகன்றும், வட்டத்தன்மை குன்றியும் காணப்படும். போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து தேய்மானம் கணிக்கப்படுகிறது.

தேய்மானம் எல்லையைக் கடந்தால் லேத் பட்டறையில் சிலிண்டர் கடையப்பட்டு, ஓனிங் செய்யப்பட்டு, பெரிய பிஸ்டன் பொருத்தப்படுகிறது. பட்டறை வழக்கில் இது ரீபோர் எனப்படும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கின்றன. பழைய பிரித்தானிய வடிவமைப்புகளில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 30, 40 பங்கு என்ற படிகள் வழக்கம்.

இரண்டு விதிகள் இங்கு முக்கியமானவை:

# பிஸ்டனை வாங்கி அளந்த பின்பே சிலிண்டரைக் கடைய வேண்டும். துளையின் இறுதி அளவு என்பது கையிலுள்ள பிஸ்டனின் உண்மை விட்டத்துடன் உற்பத்தியாளர் கூறும் இடைவெளியைச் சேர்த்த அளவு ஆகும்.
# கேஸ்கெட்டை இறுதித் துளை அளவைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியின் பெயரை மட்டும் கூறி வாங்கும் கேஸ்கெட் தொழிற்சாலைத் துளைக்கு உரியது.

ஈரவகை லைனர் கொண்ட சரக்குந்துப் பொறிகளில் வழக்கமாகத் துளை பெருக்கப்படுவதில்லை. தேய்ந்த லைனரை எடுத்துவிட்டுப் புதியது இடப்படுகிறது. அங்கு லைனர், கட்டையின் மேற்பரப்பைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே கேஸ்கெட் அடைப்பைத் தீர்மானிக்கும்.

கேஸ்கெட்டின் துளை விட்டம்

கேஸ்கெட்டின் துளை, சிலிண்டர் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். உற்பத்தியாளர் வேறு அளவு கூறாதபோது, விட்டத்தில் 1 மி.மீ. அளவுக்கு, அதாவது பக்கத்திற்கு அரை மில்லிமீட்டர், இடைவெளி விடுவது பொதுவான நடைமுறை.

சிறிதாக இருந்தால்: தீ வளையம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய பகுதிக்கு மேலும் கீழும் உலோகத் தொடர்பு இல்லாததால் அது பெற்ற வெப்பத்தைக் கடத்த இயலாமல் பழுக்கக் காயும். பெட்ரோல் பொறியில் இது தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். நாளடைவில் விளிம்பு எரிந்து உதிரும். உதிர்ந்த துண்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால், புதிதாகக் கடைந்த சிலிண்டர் கீறப்படும். பிஸ்டன் கட்டையின் மேற்பரப்பு வரை உயரும் பொறிகளில், அது நீட்டிய விளிம்பை நேரடியாகவே மோதவும் கூடும்.

மிகப் பெரிதாக இருந்தால்: தலைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு வளையப் பள்ளம் உண்டாகிறது. அங்குத் தங்கும் கலவை முழுமையாக எரிவதில்லை. அத்துடன் வளிமம் தள்ளும் பரப்பும் கூடுகிறது. துளை விட்டம் 72 மி.மீ. ஆக இருக்க வேண்டிய கேஸ்கெட் 75 மி.மீ. ஆக இருந்தால், தலையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 8.5 விழுக்காடு மிகும்.

பல சிலிண்டர் பொறிகளில் மூன்றாவது கட்டுப்பாடு ஒன்று உண்டு. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையேயான தொலைவு மாறாதது. அத்தொலைவு 88 மி.மீ. என்றும் துளை 80 மி.மீ. என்றும் கொண்டால் இடைச்சுவர் 8 மி.மீ. துளையை 81 மி.மீ. ஆக்கி, 82 மி.மீ. துளையுள்ள கேஸ்கெட்டைப் பொருத்தினால், இரு தீச்சுவாலைகளுக்கு இடையே கேஸ்கெட்டுக்கு மிஞ்சுவது 6 மி.மீ. அகலமே. நடுவில் உள்ள இக்குறுகிய பாலமே பெரும்பாலும் முதலில் எரிகிறது. எனவே ஒற்றைச் சிலிண்டர் பொறியில் தாராளமாக விடக்கூடிய இடைவெளியைப் பல சிலிண்டர் பொறியில் விட இயலாது.

எல்லாக் கேஸ்கெட் துளைகளும் வட்டமானவை அல்ல. வால்வுகளுக்கு இடம்விட்டுச் சில பக்கங்களில் அகன்றிருக்கும். ஆகவே மிகக் குறுகிய திசையில் அளக்க வேண்டும். சிலிண்டரின் மேல்விளிம்பு உதடு போல உயர்ந்து தலைக்குள் நுழையும் வடிவமைப்புகளில், கேஸ்கெட் அந்த உதட்டின் வெளிவிட்டத்தின் மேல் அமர்கிறது. அங்குத் துளை பெருகினாலும் கேஸ்கெட்டின் உள்விட்டம் மாறுவதில்லை. ஆனால் உதட்டின் சுவர் மெலிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தடிமனும் அமுக்க விகிதமும்

அமுக்க விகிதம் என்பது பிஸ்டன் கீழெல்லையில் இருக்கும்போது உள்ள கனஅளவுக்கும் மேலெல்லையில் இருக்கும்போது உள்ள கனஅளவுக்கும் இடையிலான விகிதம்.

அமுக்க விகிதம் = 1 + (வீச்சுக் கனஅளவு ÷ எஞ்சு கனஅளவு)

பிஸ்டன் நகரும் கனஅளவு வீச்சுக் கனஅளவு ஆகும். பிஸ்டன் மேலெல்லையில் நிற்கும்போது அதன்மேல் மிஞ்சும் இடம் எஞ்சு கனஅளவு. தலையிலுள்ள எரியறை, கேஸ்கெட்டின் தடிமனால் உண்டாகும் இடம், பிஸ்டனின் மேலுள்ள சிறு இடைவெளி ஆகியவை இதில் அடங்கும். துளை பெருகும்போது வீச்சுக் கனஅளவு கூடுகிறது, எரியறை மாறுவதில்லை. எனவே விகிதம் உயர்கிறது.

70 மி.மீ. துளையும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் பொறியின் விகிதம் 7.25 எனவும், எஞ்சு கனஅளவு 55.42 க.செ.மீ. எனவும் கொண்டால், ஒவ்வொரு ஓவர்சைஸ் படியிலும் கிடைக்கும் மாற்றம் வருமாறு:

| ஓவர்சைஸ் (மி.மீ.) | துளை (மி.மீ.) | வீச்சுக் கனஅளவு (க.செ.மீ.) | அமுக்க விகிதம் |
|---|---|---|---|
| இல்லை | 70.00 | 346.4 | 7.25 |
| 0.25 | 70.25 | 348.8 | 7.29 |
| 0.50 | 70.50 | 351.3 | 7.34 |
| 0.75 | 70.75 | 353.8 | 7.38 |
| 1.00 | 71.00 | 356.3 | 7.43 |

கடைசிப் படியில் பழைய விகிதத்தையே மீட்க வேண்டுமெனில் எஞ்சு கனஅளவு 57.01 க.செ.மீ. ஆக இருக்க வேண்டும், அதாவது 1.59 க.செ.மீ. கூட வேண்டும். கேஸ்கெட்டின் துளை 72 மி.மீ. எனில் அதன் பரப்பு 40.7 ச.செ.மீ. ஆகவே ஏறத்தாழ 0.39 மி.மீ. கூடுதல் தடிமன் தேவைப்படும்.

ஆனால் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. 7.25 இலிருந்து 7.43க்கு உயர்வது சிறிய மாற்றம். பெரும்பாலான பெட்ரோல் பொறிகள் இதைத் தாங்கும். தடிமனைக் கூட்டுவதில் ஒரு தீமையும் உண்டு. பிஸ்டனின் ஓரத்துக்கும் தலைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி, கலவையைப் பிழிந்து மையத்தை நோக்கித் தள்ளி எரிதலை விரைவாக்குகிறது. கேஸ்கெட் தடித்தால் இவ்விடைவெளி அகன்று எரிதல் மந்தமாகும். எனவே பழுதுபார்ப்பு ஓவர்சைஸ்களில் அசல் தடிமனையே வைத்து, துளை விட்டத்தை மட்டும் மாற்றுவதே பொது விதி.

தடிமன் மாற்றம் தேவைப்படுவது பெரும்பாலும் தலையையோ கட்டையையோ ஃபேசிங் செய்யும்போது ஆகும். மேற்கண்ட பொறியில் எரியறையின் வாய் 70 மி.மீ. எனில், தலையில் 0.25 மி.மீ. சீவினால் 0.96 க.செ.மீ. குறையும். 71 மி.மீ. துளையோடு சேர்ந்து விகிதம் 7.54 ஆகிவிடும். துளை பெருக்கத்தைவிட ஃபேசிங் விகிதத்தை விரைவாக உயர்த்துகிறது என்பது இதனால் விளங்கும்.

கணக்கில் கொள்ள வேண்டியது இறுக்கிய பின் உள்ள தடிமன். கலவைக் கேஸ்கெட்டுகள் இறுகும்போது மெலியும். செம்புத் தகடு மிகச் சிறிதளவே மெலியும். பிஸ்டனின் மேல் மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகளை வைத்து, தலையை முழு இறுக்கத்தில் பூட்டி, பொறியைக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றிப் பின் நசுங்கிய கம்பியை அளப்பது எளிய சோதனை.

டீசல் பொறிகள்

டீசல் பொறியில் எஞ்சு கனஅளவு மிகச் சிறியது என்பதால் தடிமனில் சிறு பிழையும் பெரிதாகும். பல டீசல் பொறிகளில் பிஸ்டன் மேலெல்லையில் கட்டையின் மேற்பரப்பைக் கடந்து சற்று வெளியே எழும். ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு எழுகிறது என்பதை டயல் கேஜால் அளந்து, அவற்றுள் மிகப் பெரிய அளவுக்கு ஏற்ற கேஸ்கெட் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதற்காக உற்பத்தியாளர்கள் ஒரே கேஸ்கெட்டைப் பல தடிமன்களில் செய்து, ஓரத்தில் வெட்டுகள் அல்லது சிறு துளைகளால் அடையாளம் இடுகின்றனர்.

துளையைப் பெருக்குவதால் மட்டும் பிஸ்டன் எழுச்சி மாறாது. ஆனால் புதிய பிஸ்டனின் உயரம், கட்டையின் ஃபேசிங் ஆகியவை அதை மாற்றும். எனவே பழைய கேஸ்கெட்டின் அடையாளத்தைப் பார்த்து அதே தடிமனை வாங்குவது போதாது. மீண்டும் அளக்க வேண்டும்.

ஒரே வீச்சு, வெவ்வேறு துளை

ஒரே வீச்சை வைத்துக்கொண்டு துளையை மட்டும் பெரிதாக்கிப் புதிய பொறி செய்வது தொழிற்சாலைகளும் பின்பற்றிய வழி. இந்தியாவில் நன்கு அறியப்பட்ட சில இணைகள் வருமாறு:

| பொறி | துளை (மி.மீ.) | வீச்சு (மி.மீ.) | கனஅளவு (க.செ.மீ.) |
|---|---|---|---|
| புல்லட் 350, வார்ப்பிரும்புப் பொறி | 70 | 90 | 346 |
| புல்லட் 500, வார்ப்பிரும்புப் பொறி | 84 | 90 | 499 |
| யமகா ஆர்எக்ஸ் 100 | 50 | 50 | 98 |
| யமகா ஆர்எக்ஸ் 135 | 58 | 50 | 132 |
| கிர்லோசுகர் ஏவி 1 | 80 | 110 | 553 |
| கிர்லோசுகர் டிவி 1 | 87.5 | 110 | 661 |

இவற்றுள் கடைசி இரண்டும் நீரால் குளிர்விக்கப்படும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் பொறிகள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் இவற்றைப் பரவலாகக் காணலாம். 80 மி.மீ. துளைக்குரிய விளிம்பு 87.5 மி.மீ. துளையின்மேல் வைக்கப்பட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் 3.75 மி.மீ. வரை எரியறைக்குள் நீட்டும். ஓவர்சைஸ் படிகளில் கண்ணுக்குத் தெரியாத பிழை இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

தமிழ்நாடு இத்துறையில் நீண்ட தொடர்புடையது. சென்னை மெட்ராசு மோட்டார்சும் இங்கிலாந்தின் ரெட்டிச்சு நகர நிறுவனமும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. பிஸ்டன்களைச் செய்யும் இந்தியா பிஸ்டன்சு நிறுவனம் 1949இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வண்டிகளின் பொறிகளைத் திருத்தி வேகம் கூட்டும் பழக்கத்துக்குச் சோழவரம் ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்களும், பின்னர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த பந்தயத் தளமும் ஊக்கமளித்தன.

வேலூர்–ஆம்பூர் தோல் பகுதியும் குளிர்விப்பு நீரும்

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்டது இப்பகுதி. முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இது 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. நெடுஞ்சாலைச் சரக்குந்துகள், தொழிற்கூட மின்னாக்கிகள், வேளாண் நீரேற்றிகள் எனப் பலவகைப் பொறிகள் இங்கு இயங்குகின்றன.

பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. பதனிடுமுன் அவ்வுப்பு கழுவப்படுவதால் கழிவுநீரில் குளோரைடு மிகுகிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பல்லாண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டதால் நிலத்தடி நீர் உவர்ப்பேறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 28 ஆகத்து 1996 அன்று வழங்கிய தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய நீரை ரேடியேட்டரில் ஊற்றும்போது கேஸ்கெட் நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. கரைந்த உப்புகள் மிகுந்த நீர் சூடேறும்போது நீர்வழிகளில் படிவு உண்டாகி வெப்பக் கடத்தல் குறைகிறது. பொறி மிகைச் சூடடைந்தால் அலுமினியத் தலை வளையும். குளோரைடு, அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழிகளை அரிக்கும். நீர்த்துளைகளைச் சுற்றியுள்ள அடைப்புக் கோட்டில் குழி விழுந்தால் எந்தக் கேஸ்கெட்டும் அதை நெடுநாள் அடைக்காது. குழியை நீக்க ஃபேசிங் செய்ய வேண்டும். ஃபேசிங் செய்தால் அமுக்க விகிதம் உயரும். அதனால் கேஸ்கெட்டின் தடிமனை மீண்டும் கணக்கிட வேண்டும். ஆகவே நீர் உவர்ப்பான இடங்களில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஊற்றாமல், கனிமம் நீக்கிய நீருடன் உற்பத்தியாளர் கூறும் குளிர்விப்புக் கலவையைச் சேர்த்துப் பயன்படுத்துவதே கேஸ்கெட்டைக் காக்கும் மலிவான வழி.

பொருத்தும் முறை

# பழைய கேஸ்கெட்டின் எச்சங்களை நீக்க வேண்டும். பழைய பொறிகளில் அது கல்நாராக இருக்கலாம் என்பதால் உப்புத்தாளால் தேய்ப்பதும் காற்றடித்து ஊதுவதும் கூடாது. நனைத்து, மழுங்கிய சுரண்டியால் மெல்ல எடுக்க வேண்டும்.
# நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு தலையும் கட்டையும் சமதளமாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். எல்லை அளவு பொறிக்குப் பொறி மாறும், கையேட்டைக் காண்க.
# கடைந்த துளையின் மேல்விளிம்பில் உள்ள பிசிறுகளை நீக்கி, சிறிது சரிவு கொடுக்க வேண்டும்.
# கேஸ்கெட்டைக் கட்டையின் மேல் வெறுமனே வைத்து, விளிம்பு எங்கும் துளைக்குள் நீட்டவில்லை என்பதைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நீர், எண்ணெய்த் துளைகள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.
# போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்கக் கூடாது. தேங்கிய திரவம் அழுத்தப்பட்டால் கட்டை வெடிக்கலாம். முறுக்கு அளவும் பொய்யாகும்.
# டார்க் ரெஞ்ச் கொண்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி, பல கட்டங்களாக இறுக்க வேண்டும். கலவை மற்றும் செம்புக் கேஸ்கெட்டுகளைச் சில நேரம் ஓட்டிய பின் மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். பல அடுக்கு எஃகு வகைக்குப் பொதுவாக இது தேவையில்லை.

நீட்டும் கேஸ்கெட்டைக் கத்தரித்துப் பொருத்துவது தவறான முறை. கலவை வகைகளில் கத்தரித்தால் தீ வளையமே அறுபடும். உள்ளிருக்கும் மென்பொருள் தீச்சுவாலைக்கு நேரே வெளிப்படும். ஒற்றைத் தகடாலான செம்புக் கேஸ்கெட்டை மட்டுமே புதிய அளவுக்கு வெட்டிக்கொள்ள இயலும்.

பழுதின் அறிகுறிகள்

* ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து குமிழிகள் எழுதல்
* எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாக மாறுதல்
* வெளியே கசிவின்றி நீர் குறைதல், வெண்புகை
* அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருசேர அமுக்கம் குறைதல்
* நீரற்ற பொறிகளில், தலைக்குக் கீழே கரிக்கோடும் "டிக் டிக்" என்ற ஒலியும்

சூடான பொறியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து சோதிப்பது கடுமையான தீக்காயத்தை உண்டாக்கும். பொறி முழுதும் ஆறிய பின்பே திறக்க வேண்டும்.

சட்டம்

பொறியின் கனஅளவு வண்டியின் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படும் விவரங்களுள் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வேகத்துக்காகப் பெரிய துளையும் வேறு பொறியின் பிஸ்டனும் பொருத்த விரும்புவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* அமுக்க விகிதம்
* பிஸ்டன்
* டீசல் பொறி
* பாலாறு
* தோல் பதனிடுதல்